படத்தின் கீழ்ப்பாதி

நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகப் படம் எடுப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் நான் சொல்லிக்கொள்ளும்படி ஒரு படம்கூட எடுத்ததில்லை. எடுக்க வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தேன், அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவார்கள். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தெருவில் போகிற வருகிறவர்களை, அவர்களுக்குத் தெரியாமல், இருக்கிறபடியே எடுக்க வேண்டும் என்பார்கள். அதற்கு வழிகாட்டி நான். யாருக்கும் தெரியாமல் எடுப்பதற்கு, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவன் தேவைப்பட்டான் என்பதிலேயே இந்தத் தொழிலின் லட்சணம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இப்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். எந்தச் சந்தில் எப்போது வெயில் நன்றாக விழும் என்பதை உங்கள் போனே சொல்லிவிடும். அது சொல்லாததை நான் சொல்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மல்லிகையைத் தொடுத்தபடி, பார்வையை எங்கோ தூரத்தில் விட்டு, முகத்தில் கொஞ்சம் சோகத்தோடு உட்கார்ந்திருப்பார். வருகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பார்கள். ஒரு நாள் காலை ஓர் ஆஸ்திரேலியக் குழுவோடு போனபோது, அந்த அம்மா என்னைக் கையசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அண்ணே, இன்னிக்கு நான் எந்தப் பக்கம் பாக்காம இருக்கணும்?"

"ஏன்மா கேக்குற?"

"நேத்து வந்த குரூப்பு ரோட்டுப் பக்கம் பாக்காதீங்கன்னுச்சு. அதுக்கு முன்னாடி வந்தவங்க கோயில் பக்கம் பாக்காதீங்கன்னாங்க. சரியா சொல்லிட்டா நான் பாட்டுக்கு வேலைய பாப்பேன் லா."

ரோட்டுப் பக்கமே பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். படம் பிரமாதமாக வந்தது. திரும்பும்போது ரயிலில் ஒரு பெண்மணி அந்தப் படத்தைக் காட்டி, இந்தக் கண்களில் எவ்வளவு தனிமை பாருங்கள் என்று கண் கலங்கினார். படம் எடுத்த நேரத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று பூக்கடை அம்மாவிடம் பிறகு கேட்டேன். கேமரன் மலையிலிருந்து வர வேண்டிய ரோஜா லோரி ஏன் இன்னும் வரவில்லை என்று நினைத்தாராம். இதை நான் ஆஸ்திரேலியாவுக்கு எழுதவில்லை. நீங்களும் இப்படிப்பட்டதை எழுதாதீர்கள். அவர்கள் ஊருக்குக் கொண்டுபோக ஏதாவது வேண்டுமே.

இன்னொருவர் ஜெர்மன்காரர். கண்ணியமான மனிதர். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்று நீளமான லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அங்கே கடைச் சாமான்கள் எல்லாம் நடைபாதையில்தான் கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பித்தளைக் குடம், பிளாஸ்டிக் மாலை, முறுக்கு டின், புடவை கட்டிய பொம்மை என்று எல்லாம் வெளியே இருக்கும். ஒளிந்திருந்து படம் எடுக்கிற ஆளைக் கண்டால் கடைக்காரர்களுக்கு ஒரே ஒரு நினைப்புதான் வரும்: நகராட்சி. முதல் கடைக்காரர் குடத்தை உள்ளே எடுத்தார். அடுத்தவர் பொம்மையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார். ஜெர்மன்காரர் லென்ஸைத் திருகி முடிப்பதற்குள் தெருவே கூட்டிப் பெருக்கிய மாதிரி ஆகிவிட்டது. நாலு பேரும் ஒரு புறாவும்தான் மிச்சம். கிள்ளான் மிகவும் சுத்தமான ஊர் என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆகவே ஒளியாதீர்கள். கேமராவை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, வணக்கம் சொல்லி, டீ குடித்து, ஆட்கள் அலுத்துப்போகும்வரை நில்லுங்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். கோயம்புத்தூர் டாக்டரிடமும் சொன்னேன்.

அவரைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரடங்கெல்லாம் முடிந்து, சுற்றுலா மறுபடி தலையெடுத்த சமயம் அது. பல் டாக்டர். மனைவியையும் பிள்ளைகளையும் ஷாப்பிங் மாலில் விட்டுவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தெருப் படம் எடுக்க வந்திருந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. பிரிக்பீல்ட்ஸில் ஆரம்பித்த அரை மணி நேரத்திலேயே அவர் முகம் வாடிவிட்டது.

"ஏனுங்ணா, பூக்கடை, புடவைக்கடை, கோயிலு. இதுக்கு நான் எங்க டவுன்ஹால் பக்கமே போயிருப்பனே. பிளேன் ஏறி வந்து எடுத்தேன்னா எங்க கேமரா கிளப்புல யாருங்க நம்புவாங்க?"

நியாயமான கவலைதான். வெள்ளைக்காரர்களுக்கு நாம் எங்கே நின்றாலும் வெளிநாடு. கோயம்புத்தூர்க்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். எந்தப் படம் எடுத்தாலும் அதில் மலாய் மொழியில் ஒரு பலகையாவது விழ வேண்டும். பூ வாங்கும் பாட்டி, மேலே 'பார்க்கிங் கூடாது'. செருப்புத் தைப்பவர், பின்னால் 'கிளினிக்'. இப்படியே பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டு கிள்ளானுக்கு ரயில் ஏறினோம்.

மதியம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். முன்பக்கம் முழுதும் திறந்திருக்கும், நடைபாதையை ஒட்டியே மேசைகள். முதல் மேசையில் இரண்டு குடும்பங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருந்தன. பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெண்ணுக்குப் பட்டுப் புடவை, பையனுக்குப் பெட்டியிலிருந்து எடுத்த மடிப்பு கலையாத சட்டை, யாரும் இரண்டாவது தடவை சோறு கேட்கவில்லை. நம் ஊரில் இப்போது பெண் பார்ப்பது பெரும்பாலும் இப்படித்தான், கடையில், தற்செயலாகச் சந்தித்த மாதிரி. பிடிக்காவிட்டால் சாப்பிட்ட மாதிரி இருக்கும், பார்த்த மாதிரி இருக்காது. யார் வீட்டு வாசலிலும் யாரும் தலைகுனிய வேண்டாம்.

டாக்டருக்கு இது தெரியாது. அவர் ஊரில் பெண் பார்ப்பதென்றால் வீடு, கேசரி, பஜ்ஜி. அவர் கண்ணுக்கு இது ஒரு சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமைக் குடும்பம். அதோடு, அந்த மேசைக்கு நேர் மேலே சுவரில், புகைபிடிக்கக் கூடாது என்று மலாயில் பெரிய பலகை. நான் டீ சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் அவர் நடைபாதையில் குந்தி உட்கார்ந்து, பலகையும் விழ வேண்டும், ஆட்களும் விழ வேண்டும் என்று கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி எடுத்துவிட்டார்.

பையனின் அம்மாதான் முதலில் பார்த்தார். பார்த்த வேகத்தில் எழுந்து வந்தார்.

"பாஸ், யார கேட்டு எடுத்தீங்க? எதுக்கு எடுத்தீங்க?"

டாக்டர் எழுந்து நின்று புன்னகை செய்தார். அவர் புன்னகை செய்யாமல் இருந்திருக்கலாம். மேசையின் முனையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், பையனின் பெரியப்பா, பெண்ணின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னா இது? பையன பத்தி விசாரிக்க ஆள் வச்சிருக்கீங்களா?"

"நாங்க எதுக்கு வைக்கணும்? உங்க ஆளா இருக்கும்னுல்ல நான் நெனைச்சேன்."

இந்த மாதிரி இடத்தில் மன்னிப்புக் கேட்பது, சட்டம் பேசுவது, ஓடுவது மூன்றும் தவறு. நான் டாக்டரின் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். சண்டை நடக்கும் இடத்தில் கேமரா உள்ளூர்க்காரன் கழுத்தில் இருக்க வேண்டும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஐயா, இவரு டூரிஸ்ட் லா. இந்தியாவிலேருந்து வந்திருக்காரு. போர்டைத்தான் எடுத்தாரு. நீங்களே படத்த பாருங்க, வேணாம்னா உங்க முன்னாடியே அழிச்சிடறேன்."

"காட்டுங்க" என்று பெரியப்பா கையை நீட்டினார்.

அதற்குள் நான் திரையைப் பார்த்துவிட்டேன்.

படத்தின் மேல்பாதி ஒழுக்கத்தின் உருவம். பெண் குனிந்து இலையைப் பார்க்கிறாள், பையன் தன் பெரியப்பாவின் பேச்சைப் பணிவாகக் கேட்கிறான், இருவரும் ஒருவரை ஒருவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கீழ்ப்பாதியில், மேசைக்கு அடியில், பெண்ணின் செருப்பு தனியாகக் கிடக்கிறது. அவளுடைய வெறும் கால் பையனின் ஷூ மேல் சாவகாசமாக இருக்கிறது. பயந்து பயந்து வைத்த கால் இல்லை அது. தினமும் சாய்ந்து உட்காரும் நாற்காலியில் சாய்வது மாதிரி இருந்தது.

"வெயில்ல ஸ்கிரீன் தெரியல. உள்ள போய் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, யாருக்கும் இடம் கொடுக்காமல் கடைக்குள் கை கழுவும் இடத்துக்குப் போனேன். யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது. நான் போய் நின்ற மறுநிமிடம் அந்தப் பெண் கை கழுவ வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அங்கிள், கால் விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கையை நீட்ட மறந்துவிட்டாள்.

"காஜாங்ல ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ், அங்கிள். மூணு வருஷமா. ஒரு ஆன்டிய புடிச்சு, அவங்களா சம்பந்தம் கொண்டு வந்த மாதிரி செட் பண்ணோம். அவர் வீட்டுல பெரியப்பா சொல்றதுதான் எல்லாம். அவரு சொந்த மகளே லவ் பண்ணி கட்டிக்கிட்டாங்கன்னு இன்னிவரைக்கும் வாசல்ல சேக்கல. இத பாத்தார்னா எழுந்து போயிருவாரு. அப்புறம் இது நடக்கவே நடக்காது."

"அழிச்சிடட்டுமா?"

"காட்டாம அழிச்சா இன்னும் மோசம் அங்கிள். என்னத்த மறைச்சீங்கன்னு ரெண்டு பக்கமும் கேப்பாங்க."

கெட்டிக்காரப் பெண். அவள் சொன்னது சரி. என் வாழ்க்கையில் எத்தனையோ பேரின் படத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறேன். அழிக்கவும் முடியாமல் காட்டவும் முடியாமல் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது அன்றுதான். அந்தப் பெண் என் மகளாக இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் தோன்றியது. எனக்கு அந்தப் பெரியப்பா மேல் கோபம் வந்தது. என் காசில் சாப்பிடாத மனிதர் மேல் எனக்கு என்ன கோபம் என்றும் தோன்றியது.

பிறகுதான் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த பொத்தான் நினைவுக்கு வந்தது. படத்தைப் பெரிதாக்குகிற பொத்தான். அதை அழுத்தி அழுத்தி, பையனுடைய அம்மாவின் முகம் மட்டும் திரை முழுவதும் நிறையும்படி செய்தேன். கழுத்துப் பட்டையைக் கழற்றாமலே வெளியே வந்தேன்.

பெரியப்பா எழுந்தார். அதற்குள் அந்த அம்மா குறுக்கே புகுந்துவிட்டார். "நீங்க உக்காருங்க மாமா. நான் பாக்குறேன்."

திரையில் தன் முகத்தை அவர் நிறைய நேரம் பார்த்தார். கேமராவை நான் விடவில்லை, பொத்தான் மேலிருந்து விரலையும் எடுக்கவில்லை. படத்தைப் பக்கவாட்டில் மட்டும் மெதுவாக நகர்த்தினேன். பையனின் முகம். பெண்ணின் குனிந்த முகம். வாயில் பாதி அப்பளத்தோடு பெரியப்பாவின் முகம். அவருக்கும் தள்ளி நின்று காட்டினேன்.

"டை அடிச்சு ரெண்டு நாள்தான் ஆகுது. இவ்வளவு நரையா தெரியுது?" என்றார் பெரியப்பா. அவருடைய சந்தேகமெல்லாம் தன் தலைமுடி மேல் போய்விட்டது. மனிதர்களுக்குத் தங்கள் முகத்தைக் காட்டிவிட்டால் மற்றவர் காலைப் பார்க்க நேரம் இருக்காது.

"அழிச்சிடவா?" என்று கேட்டேன்.

"வேணாம்ணே" என்றார் அந்த அம்மா. "நல்லாத்தான் இருக்கு. எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க. முகம் தெரியற வரைக்கும் போதும்."

அவர்கள் மேசையில் பாயசம் வந்தது. நான் டாக்டரை இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனேன். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து படத்தை முழுதாகக் காட்டினேன். தான் என்ன எடுத்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடம் கேமரா தூக்கியதற்கு இந்த ஒரு படம் போதும் என்றார். அதில் பொய் இல்லை. நான் பார்த்த படங்களிலும் அதுதான் முதல்.

"டாக்டர், கீழ்ப்பாதிய வெட்டிட்டு அனுப்பணும். முழுப் படத்த யாருக்கும் காட்டக் கூடாது."

"என்னுங்ணா இப்புடிச் சொல்றீங்க? படத்தோட உசுரே கீழதானுங்க இருக்குது. பொது இடம். எடுக்கறதுக்கு எனக்கு உரிமை இருக்குது. அதுவுமில்லாம கோயமுத்தூருல இவங்கள யாருக்குங்க தெரியும்?"

"நீங்க இத உங்க கிளப்பு குரூப்புல போடுங்க. அங்க ஒருத்தருக்கு ஈப்போவில மச்சான் இருப்பாரு. அவர் சம்சாரத்துக்கு கிள்ளான்ல அக்கா இருப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள பெரியப்பா போனுக்கு வந்துடும். வெள்ளைக்காரங்களுக்குத்தான் இது வெளிநாடு, டாக்டர். உங்களுக்கும் எனக்கும் அந்த வசதி இல்ல."

காலையிலிருந்து எது வெளிநாடு மாதிரி இல்லை என்று புலம்பினாரோ அதுவே இப்போது அவரை மடக்கியது. ரயில் வரும்வரை தலையைச் சொறிந்தபடி இருந்தார். பிறகு, தன் பிள்ளையைப் பள்ளிக்கூட விடுதியில் விடுகிறவர் மாதிரி, தானே கீழ்ப்பாதியை வெட்டினார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: கல்யாணம் முடிந்ததும் முழுப் படத்தைப் போடுவார். சரி என்று கை கொடுத்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு அவரைப் போல ஆவலாகக் காத்திருந்தவர் கிள்ளானில் ஒருவரும் இல்லை. "நிச்சயம் ஆயிடுச்சுங்களா?" என்று செய்தி வரும். "முகூர்த்தம் குறிச்சாச்சுங்களா?" என்று வரும். "பெரியவர் சம்மதிச்சுட்டாருங்களா?" என்று ஒரு தடவை குரல் செய்தியே அனுப்பினார், பின்னணியில் பல் துளைக்கும் சத்தத்தோடு.

கல்யாணம் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. மண்டப வாசலில் ரோஜாப் பூ வளைவுக்கு நடுவே, ஆள் உயரத்துக்குச் சட்டம் போட்டு அந்த மேல்பாதிப் படத்தை வைத்திருந்தார்கள். 'முதல் சந்திப்பு' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. நான் அதன் முன்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தபோது பையனின் அம்மா பக்கத்தில் வந்தார்.

"என்னாண்ணே, பாதிதான் இருக்குதேன்னு பாக்குறீங்களா?"

சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"அந்தப் புள்ள அன்னிக்கு கால நீட்டி முதல்ல என் காலத்தான் மிதிச்சா. பட்டுப் புடவை கட்டுன எடத்துல இடம் தெரியல போல. நான் கால இழுத்துக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல பக்கத்துல எம் மகன் மூஞ்சிய பாத்தேன். புரிஞ்சிடுச்சு."

"அப்ப ஏன் அவ்வளவு கோவமா வந்தீங்க?"

"நான் எழுந்து வரலேன்னா எங்க மாமா வந்திருப்பாரு லா. கேமராவ அவருல்ல புடுங்கியிருப்பாரு. அவரு பொண்ண அவரு வாசல்ல சேக்காதப்ப நான் ஒண்ணும் பேசல. எம் மகனுக்கும் அப்படி ஆயிடக் கூடாதுன்னு முந்திக்கிட்டேன்." என் கையைக் காட்டிச் சொன்னார்: "நீங்க வேற, பட்டன் மேலருந்து விரல எடுக்கவே இல்ல. என்கிட்டயிருந்து மறைக்கிறீங்களேன்னு எனக்கே பாவமா போச்சு."

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இந்தப் பெண்மணியிடமிருந்து அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டேன் என்று இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டிருந்தேன். அவரோ என்னைப் படுதாவாக வைத்து அவர்களைக் காப்பாற்றியிருக்கிறார். தெருவில் மனிதர்களை இருக்கிறபடியே பார்க்கத் தெரிந்தவன் என்பதுதான் என் பிழைப்பு.

அப்போது பெரியப்பா வேட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். தலையில் புது டை. அந்த அம்மா ஒரு நொடியில் குரலை மாற்றினார்.

"பாருங்க மாமா, முதல் நாளு ரெண்டும் எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்குதுங்க."

பெரியப்பா படத்தைத் திருப்தியோடு பார்த்தார். "இதுதான் பெரியவங்க பாத்து செய்யறதுக்கும் இதுங்களா பண்ணிக்கிறதுக்கும் வித்தியாசம்" என்று என்னிடம் சொன்னார். நான் ஆமாம் என்றேன். இந்தத் தொழிலில் சில நேரம் ஆமாம் சொல்ல வேண்டியிருக்கும்.

முழுப் படம் இப்போது மூன்று இடத்தில்தான் இருக்கிறது. டாக்டரிடம் ஒன்று. அந்தத் தம்பதியின் அலமாரியில், புடவைகளுக்கு அடியில் ஒன்று. மாமியார் போனில் ஒன்று. டாக்டர் என் போனுக்கு அனுப்பியிருந்ததை, அவர் கேட்டார் என்று நான்தான் அனுப்பினேன், பிறகு என்னிடமிருந்து அழித்துவிட்டேன்.

உங்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். டாக்டர் மறுபடியும் வருகிறாராம். என்னால் நடக்க முடியாததால் உங்களில் ஒருவர்தான் அவரைக் கூட்டிப் போக வேண்டியிருக்கும். நல்ல மனிதர், பலகை உள்ள இடமாகக் காட்டுங்கள், சந்தோஷப்படுவார். போகிற வழியில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கட்டாயம் கேட்பார். பெரியப்பா நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார், தினமும் காலையில் நடக்கிறார், போனில் எல்லாக் குரூப்பிலும் இருக்கிறார். ஆகவே ஜாதகம் இன்னும் பொருந்தி வரவில்லை என்று சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் குழந்தைக்கு இப்போது முதல் பல் முளைத்திருக்கிறது. அதை மட்டும் பல் டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.